விட்டதைத் தொட்டுத் தொடர்வோம்



பிள்ளைகளின் படிப்பு, பெரியோரைப் பேணும் முறை, வீட்டுக் கணக்கு, அண்டை அயலாரின் நட்பு என இல்லத்தைச் சார்ந்த பலவற்றையும் இப்பகுதியில் பேசிவரும் நாம், இத்திங்கள் சற்று வேறான பொருள் ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். முன்னோர் தேகப்பயிற்சிச் சாலை என்றும், இக்கால இளைஞர் ‘ஜிம்’ என்றும் அழைக்கும் உடற்பயிற்சிக் கூடத்தைப் பற்றியது அது. குடும்ப இதழில் இதற்கென்ன இடம் என்று வியப்போர் சற்றே பொறுத்தருள வேண்டுகிறோம். முழுவதும் படித்து முடிக்கையில், இது கூடத்தைப் பற்றிய கட்டுரை என்பதைவிட வீட்டைப் பற்றிய கட்டுரை என்பதே பொருந்தும் என்று அவர்களும் ஒப்புவர்.

கூடத்தில் சேர்வது எளிது. தொடர்ந்து செல்வது அரிது. இடையில் விட்டுவிட்டு மீண்டும் செல்வதோ அதனினும் அரிது. இம்மூன்றாம் நிலையில் நிற்போருக்காகவே இதை எழுதுகிறோம். மணமாகுமுன் நாள் தவறாமல் தண்டாலும் பஸ்கியும் எடுத்தவர், முதற்குழந்தை பிறந்தபின் வாரம் மும்முறை சென்றார். இரண்டாம் குழந்தை பிறந்தபின் நேரம் கிடைத்தபோது சென்றார். பணியிட மாற்றம் வந்தது; தாயாருக்கு அறுவை மருத்துவம் நடந்தது; மூத்த பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் போயிற்று. 2020 மார்ச்சில் நாடு முழுதும் ஊரடங்கு வந்தபோது கூடங்கள் அடைக்கப்பட்டன. அவை திறந்தபின்னும் திரும்பிச் செல்லாதோர் உண்டு. நாளை முதல் செல்லேன் என்று தீர்மானம் செய்து நிறுத்தியவர் எவருமிலர். இன்று மழை, நாளை விருந்தினர், மறுநாள் பங்குத் திருவிழா என்று நாள்கள் நழுவின. ஒருநாள் காலணியைத் தேடியபோதுதான் அது பரண்மேல் ஏறி ஓராண்டாயிற்று என்பது தெரிந்தது.

இப்படி விட்டவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசுவோரோடு நாம் சேரமாட்டோம். அவர்களுள் பெரும்பாலோர் பிறருக்காக உழைத்து அதில் தம்மை மறந்தவர்கள். ஆயினும் மறந்ததை நினைவூட்டுவது நம் கடமை.

நாற்காலியில் அமர்ந்த வாழ்வு

உடலுழைப்பு குறைவதால் என்ன கேடு என்பதை உலகுக்கு முதன்முதலில் தெளிவாகக் காட்டியவர்களுள் ஒருவர் ஜெரி மாரிஸ் என்னும் பிரித்தானிய மருத்துவர். லண்டன் மாநகரின் இரண்டடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்தே இருப்பார். நடத்துநரோ பயணச்சீட்டு வழங்குவதற்காக மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரே ஊர், ஒரே பேருந்து, ஏறத்தாழ ஒரே வகைக் குடும்பம். ஆயினும் நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாகவும், வந்தாலும் பிந்திய வயதிலும் வந்ததை மாரிஸும் அவருடைய தோழர்களும் கண்டு 1953இல் வெளியிட்டனர். ஏணிப்படிகளே அந்த நடத்துநர்களுக்கு உடற்பயிற்சிக் கூடமாக இருந்தன என்று சொன்னால் தவறில்லை. அந்த மருத்துவர் தாமும் 99 வயதுவரை வாழ்ந்து 2009இல் மறைந்தார்.

நம் பாட்டனார்க்கும் பாட்டியார்க்கும் தனியே ஒரு கூடம் வேண்டியிருக்கவில்லை. ஏர் பிடித்தனர், வலை இழுத்தனர், கிணற்றில் நீர் இறைத்தனர், உரலில் மாவாட்டினர். அவ்வேலைகளைப் பொறிகள் ஏற்றுக்கொண்டன. அதில் வருந்த ஒன்றுமில்லை. ஆட்டுக்கல்லைத் திரும்பக் கொண்டுவரும்படி எந்தத் தாயையும் நாம் கேட்கமாட்டோம். ஆனால் உழைப்பு போன பின்னும் சோற்றின் அளவு குறையவில்லை. அமர்ந்திருக்கும் நேரமோ கூடியது.

விளைவு என்ன? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு தழுவி நடந்து 2023இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு நோயுடன் வாழ்வதாகக் கணித்தது. அந்நோயின் வாயிலில் நிற்போர் 13 கோடிக்கு மேல். உலக நலவாழ்வு நிறுவனம் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, 2022இல் இந்தியாவில் வயது வந்தோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள். ஆண்களைவிடப் பெண்களிடையே இக்குறை மிகுதி. வீட்டு வேலை செய்து களைத்துப்போகும் நம் தாய்மார்கள் இக்கணக்கில் முன்நிற்பது எதனால் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். களைப்பு வேறு, பயிற்சி வேறு. ஒரே இடத்தில் நின்று சமைப்பது காலைக் கடுக்கச் செய்யும். மூச்சை விரைவுபடுத்தும் நடையும் தசையை வலுவாக்கும் பளுவும் தரும் பயனை அது தராது.

எவ்வளவு பயிற்சி போதும்? அந்நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல் கூறும் அளவு மிகையானதன்று. வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான இயக்கம்; அதாவது பேச முடிகிற, ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கும் விரைவு நடை போன்றது. அதனுடன் வாரத்தில் இரண்டு நாளேனும் பெருந்தசைகளை எல்லாம் வலுப்படுத்தும் பயிற்சி. 65 வயதைக் கடந்தோர்க்கு, விழாமல் நிற்கும் நிலைப்புப் பயிற்சி மூன்று நாள். பத்து நிமிடத்திற்குக் குறைந்தது கணக்கில் சேராது என்று முன்பு ஒரு வரையறை இருந்தது, அதையும் நீக்கிவிட்டார்கள். ஐந்து நிமிடமும் கணக்கில் உண்டு.

உடல் எதை மறக்கும், எதை மறவாது?

விட்டவர் திரும்பத் தயங்குவதற்கு முதற்காரணம், அன்று சேர்த்ததெல்லாம் போய்விட்டது என்னும் ஏக்கம். இவ்வேக்கத்தில் பாதி உண்மை, பாதி பொய்.

பயிற்சியை நிறுத்தியதும் முதலில் குறைவது மூச்சின் திறம். இரண்டு மூன்று வாரங்களிலேயே மாடிப்படி நீண்டுவிட்டதுபோலத் தோன்றும். உடலில் ஓடும் குருதியின் அளவு சற்றுக் குறைந்துவிடுவது இதற்கு ஒரு காரணம். தசையின் வலிமையோ அவ்வளவு விரைவில் நம்மைக் கைவிடுவதில்லை; மூன்று நான்கு வாரம் வரை பெரும்பாலும் நிலைத்திருந்து, அதன்பின்னரே மெல்லத் தேயும்.

தேய்ந்தபின்னும் முற்றும் அழிவதில்லை என்பதற்குச் சான்று உண்டு. நார்வே நாட்டின் ஆஸ்லோ பல்கலைக்கழக அறிஞர்கள் எலிகளிடம் ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட முடிவு இது: பளுவால் தசை பெருக்கும்போது அதன் இழைகளுக்குள் புதிய உட்கருக்கள் சேர்கின்றன, பின்பு பயன்படுத்தாமல் தசை மெலிந்தாலும் அவ்வுட்கருக்கள் மறைந்துவிடுவதில்லை. மனிதரிடமும் இது அவ்வாறே நிகழ்கிறதா என்பதில் ஆராய்ச்சி தொடர்ந்து நடக்கிறது. எனினும் முன்பு பயின்றவர், புதிதாகத் தொடங்குபவரைவிட விரைவில் வலிமை பெறுவதைப் பயிற்சியாளர்கள் அனைவரும் அனுபவத்தில் அறிவர். ஒருமுறை நீந்தக் கற்றவனை ஆறு அடையாளம் கண்டுகொள்வதுபோல், பழகிய உடலும் பழைய பாடத்தை விரைவில் நினைவுகூரும்.

‘வயதாகிவிட்டதே’ என்பவர்க்கும் ஒரு செய்தி. அமெரிக்காவில் முதியோர் இல்லம் ஒன்றில் வாழ்ந்த 86 முதல் 96 வயது வரையுள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் காற்பளுப் பயிற்சி அளித்தனர். இறுதிவரை பயின்றவர்களின் தொடை வலிமை சராசரியாக ஒன்றே முக்கால் மடங்கு கூடுதலாகியது. நடை வேகமும் பெருகியது. 1990இல் வெளியான ஆய்வு இது. தொண்ணூறு வயதினருக்கு இயலுமாயின், நாற்பத்திரண்டு வயதுத் தந்தைக்கும் முப்பத்தெட்டு வயதுத் தாய்க்கும் காலம் கடந்துவிட்டது என்பது வெறும் சாக்கு.

விட்ட இடத்தில் தொடங்காதீர்

திரும்பி வருவோர் செய்யும் பெரும்பிழை ஒன்றுண்டு. ஈராண்டுக்கு முன் எந்தப் பளுவைத் தூக்கினார்களோ அதே பளுவைத் திரும்பிய முதல் நாளே தூக்க முயல்வது. அருகில் நிற்கும் இளைஞன் பார்க்கிறான் என்னும் வெட்கம் வேறு உந்தும். மனத்திற்குப் பழைய எண் நினைவிருக்கிறது. தசைநாணுக்கு அது நினைவில்லை. தசை வலுப்பெறும் விரைவில் நாண்களும் மூட்டிணைப்புகளும் வலுப்பெறுவதில்லை. ஆதலால் முதல் இரண்டு வாரம் பழைய பளுவில் பாதியோ அதற்கும் குறைவோ போதும்.

முதல் திங்களுக்கு எளிய ஒழுங்கு ஒன்றைக் கூறுவோம். வாரம் இருமுறை கூடம். ஒவ்வொரு முறையும் நாற்பது நிமிடம். முதலில் ஐந்து முதல் பத்து நிமிடம் நடையோ மிதிவண்டியோ. பிறகு ஐந்தே பயிற்சிகள்: உட்கார்ந்து எழுதல், மார்புக்கு முன் தள்ளுதல், தன்னை நோக்கி இழுத்தல், தலைக்குமேல் உயர்த்தல், இடுப்பை மடித்துத் தரையிலிருந்து எடுத்தல். ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு தடவை; முதல் வாரம் ஒரே சுற்று, பின்னர் இரண்டு சுற்று. இன்னும் இரண்டு மூன்று தடவை செய்ய இயலும் என்னும் நிலையிலேயே நிறுத்திவிட வேண்டும். பன்னிரண்டும் எளிதாகிவிட்டால் பளுவை ஐந்து விழுக்காடு கூட்டலாம். பத்து விழுக்காட்டைத் தாண்ட வேண்டியதில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கலாகாது. தள்ளும்போது மூச்சை வெளியே விடுக. குருதி அழுத்தம் உடையோர் இதை மறக்கவே கூடாது.

மறுநாளும் அதற்கு மறுநாளும் தசையில் வலி இருக்கும். பழகாத உழைப்பின் இயல்பு அது. மூன்று நான்கு நாளில் தணிந்துவிடும். ஆனால் வலி மிகக் கடுமையாகித் தசை வீங்கிச் சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் இறங்கினால் வீட்டில் படுத்திருக்கலாகாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அளவு மீறிய பயிற்சியால் தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் அறிகுறி அது. நெடுநாள் விட்டவர் ஒரே நாளில் அனைத்தையும் மீட்க முயலும்போது இது நேர்வதுண்டு.

அந்த ஒரு மணி நேரம் எவருடையது?

இனி நம் கட்டுரையின் நடுப்பொருளுக்கு வருகிறோம். கூடத்திற்குச் செல்லத் தடையாக நிற்பது பெரும்பாலும் மனவுறுதிக் குறைவன்று, வீட்டின் நேரமே.

கணவரும் மனைவியும் பணிக்குச் செல்லும் ஓர் இல்லத்தை எண்ணிக்கொள்வோம். ஒன்பது வயதில் ஒரு மகள், நான்கு வயதில் ஒரு மகன், உடன் நீரிழிவு உடைய பாட்டியார். காலை ஐந்தரை மணிக்குக் கணவர் பையை எடுத்துக்கொண்டு புறப்படுகிறார். அந்த ஒரு மணி நேரம் வானத்திலிருந்து இறங்கியதன்று. மனைவியின் கையிலிருந்து எடுக்கப்பட்டது. அவர் பளுவைத் தூக்கும் வேளையில், பாலைக் காய்ச்சி, அரிசியைக் களைந்து, பாட்டியாரின் மருந்தை எடுத்துவைத்து, மகளை எழுப்பி, மகனின் காலணியைத் தேடுவதெல்லாம் அவர் பங்கும் சேர்ந்த பளுவாக மனைவியின் தோளில் ஏறுகிறது. திரும்பி வந்த கணவர் வியர்வையைத் துடைத்தவாறு, ‘நீயும் உடம்பைக் கொஞ்சம் கவனிக்கக் கூடாதா?’ என்று கேட்டால், அவ்வீட்டில் அன்று சிற்றுண்டியில் உப்பு மிகுமேயன்றிக் குறையாது.

ஆகவே முதலில் எழுத வேண்டியது பயிற்சி அட்டவணை அன்று, வீட்டு அட்டவணை. ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து வந்து, காப்பி அருந்தியபின், இருவரும் ஒரு தாளோடு பத்து நிமிடம் அமருங்கள். வாரத்தின் நிலையான கடமைகளை முதலில் எழுதுங்கள்: பள்ளி, அலுவலகம், பிள்ளைகளின் மறைக்கல்வி வகுப்பு, அன்பியக் கூட்டம், பாடற்குழுப் பயிற்சி, பாட்டியாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் நாள். எஞ்சிய இடங்களில் இருவருக்கும் சமமாக நேரம் குறியுங்கள். திங்களும் வியாழனும் கணவருக்காயின், செவ்வாயும் வெள்ளியும் மனைவிக்கு. ஒருவர் வெளியே உள்ள நேரத்தில் வீட்டில் இருப்பவரே முழுப் பொறுப்பாளர். ‘உப்பு எங்கே இருக்கிறது? மகனின் சீருடை எது?’ என்று தொலைபேசியில் கூடத்திற்கு அழைத்துக் கேட்கலாகாது. அவ்வாறு கேட்கும் கணவர், நேரத்தை வலக்கையால் கொடுத்து இடக்கையால் பறித்துக்கொள்கிறார்.

மனைவி கூடத்திற்குச் செல்வதை ஊர் எவ்வாறு பேசும் என்னும் அச்சம் நம்மிடையே இன்னும் நீங்கவில்லை. ‘மருமகள் பளு தூக்கப் போகிறாளாம்’ என்னும் பேச்சு முதலில் எழுவது, பல வேளைகளில், வீட்டுத் திண்ணையிலேயே. இங்கே மாமியார் சொல்லும் ஒரு சொல் பெரிது. ‘நீ போய்விட்டு வா அம்மா, பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று அவர் கூறிவிட்டால் தெருவின் வாய் தானே அடங்கும். பெண்களுக்கெனத் தனி நேரம் ஒதுக்கும் கூடங்களும், பெண் பயிற்சியாளர் உள்ள கூடங்களும் உள்ளன. சேருமுன் கேட்டறிவது நலம். பளு தூக்கினால் பெண்ணுடல் ஆணுடல்போல் ஆகிவிடும் என்பது வீண் அச்சம். மாறாக, மாதவிலக்கு நின்றபின் எலும்பு தேயும் பருவத்திற்குப் பளுப்பயிற்சியே நல்ல காவல்.

மகப்பேற்றுக்குப் பின் திரும்பும் தாய்மார்க்கு அவசரம் வேண்டாம். மருத்துவர் பார்த்து இசைவு தந்தபின், நடையில் தொடங்கி, வயிற்றையும் இடுப்பின் அடித்தளத்தையும் மெல்ல வலுப்படுத்தியபிறகே பளுவை நெருங்க வேண்டும். அறுவை மகப்பேறாயின் இன்னும் பொறுமை வேண்டும். மற்றொன்றும் சொல்வோம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களுள் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். படியேறினால் மூச்சு முட்டுகிறது, எதிலும் ஊக்கமில்லை என்னும் மனைவியைச் சோம்பல் என்று கடியுமுன், அவருடைய குருதியைச் சோதித்துப் பாருங்கள். கடிந்துரையால் தீராதது இரும்புச்சத்து மாத்திரையால் தீரக்கூடும்.

பணம் கட்டிவிட்டால் போதுமா?

ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்று கூடங்கள் அழைக்கும். ‘பணம் கட்டிவிட்டால் போகாமல் இருக்க மனம் வராது’ என்று நாமும் நம்மை ஏமாற்றிக்கொள்வோம். அமெரிக்காவின் மூன்று உடற்பயிற்சிக் கூடங்களில் ஏழாயிரத்திற்கு மேற்பட்ட உறுப்பினரின் வருகைப் பதிவை ஆராய்ந்து பொருளியலறிஞர் இருவர் 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். திங்கட் கட்டணம் 70 டாலருக்கு மேல் செலுத்தியவர்கள் திங்களுக்குச் சராசரியாக நான்கு தடவையே சென்றிருந்தார்கள். கணக்குப் பார்த்தால் ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் ஆயிற்று. பத்து வருகைக்கான சீட்டு வாங்கியிருந்தால் வருகைக்கு 10 டாலரே ஆகியிருக்கும். செல்லாமலிருப்பதற்கே அவர்கள் பணம் கொடுத்தார்கள்! ஆகவே முதலில் ஒரு திங்களுக்கு மட்டும் கட்டுங்கள். இரண்டு திங்கள் தவறாது சென்றபின் நீண்ட கட்டணத்தைப் பற்றி எண்ணலாம்.

வீட்டிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ செல்லும் வழியில் உள்ள எளிய கூடம், ஊரின் மறுகோடியில் உள்ள குளிர்பதனக் கூடத்தினும் மேலானது. கட்டணத்திற்கு வழியில்லாத குடும்பங்கள் மனம் தளர வேண்டாம். சுவரில் கையூன்றித் தள்ளுதல், நாற்காலியிலிருந்து கை உதவியின்றி எழுதல், நீர் நிரப்பிய குடங்களை இரு கையிலும் ஏந்தி நடத்தல், படியேறுதல் ஆகியவற்றிற்குக் கட்டணமில்லை. தசை பளுவின் விலையைக் கேட்பதில்லை.

இளைஞர்க்கும் ஒரு சொல். தசை பெருக்கும் பொடி இன்றி வலிமை இல்லை என்பது வணிகர் பேச்சு. பயறு, கொண்டைக்கடலை, முட்டை, மீன், பால் ஆகியவை நம் அடுக்களையிலேயே உள்ளன. மருத்துவர் எழுதாத ஊசியையும் மாத்திரையையும் எவர் கொடுத்தாலும் ஏற்காதீர்கள். தசை வளர்க்கும் இயக்குநீர் மருந்துகள் இதயத்தையும் கல்லீரலையும் மகப்பேற்றுத் திறனையும் கெடுக்க வல்லவை. பெற்றோர் இதைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகப் பேச வேண்டும்.

ஒரு நாள் தவறினால்?

பழக்கம் நிலைக்க எத்தனை நாள் ஆகும்? இருபத்தொரு நாள் என்று பலர் சொல்வர். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு வேறு விடை தந்தது. நாள்தோறும் ஒரு புதிய செயலைச் செய்து வந்தவர்களுக்கு அது தானாக நிகழும் பழக்கமாக மாற, நடுத்தரக் கணக்கில் 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்றும் மதிப்பிட்டார்கள். இவ்வாய்வில் நமக்கு இனிய செய்தி ஒன்றுண்டு: இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகத் தடுக்கவில்லை. எனவே பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஒருநாள் தவறினால், ‘போயிற்று, அடுத்த தவக்காலத்தில் பார்ப்போம்’ என்று கைவிட வேண்டாம். ஒன்று தவறலாம், இரண்டு தொடர்ந்து தவறாமல் பார்த்துக்கொள்க.

தேர்வுக் காலம், திருமணக் காலம், வீட்டில் நோய் என்று வாரக்கணக்கில் நேரம் சுருங்கும் நாள்களும் வரும். அப்போது முற்றும் விடாமல் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துக்கொள்ளுங்கள். அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்காம் வளாகத்தில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், பதினாறு வாரம் பயின்றவர்கள் அதன்பின் வாரத்திற்கு ஒரேநாள் பயின்றே 32 வாரம் தம் வலிமையைக் காத்துக்கொண்டனர். வளர்ப்பதற்கு உழைப்பு மிகுதி வேண்டும். காப்பதற்குச் சிறிதே போதும். அடுப்பில் தணல் இருந்தால் மறுநாள் தீ மூட்டுவது எளிதல்லவா?

அச்சமும் எச்சரிக்கையும்

2021 அக்டோபர் 29 அன்று கன்னடத் திரைக்கலைஞர் புனீத் ராஜ்குமார் 46 வயதில் மாரடைப்பால் மறைந்தபோது, அன்று காலை அவர் உடற்பயிற்சி செய்திருந்தார் என்னும் செய்தி பல குடும்பங்களை நடுங்கச் செய்தது. ‘இனிக் கூடத்தின் பக்கமே போகாதே’ என்று தாய்மார் மகன்களைத் தடுத்தனர். அத்துயரைக் கண்டு பயிற்சியையே பகையாகக் கருதுதல் தகாது. முறையாகப் பயில்வோர்க்கு இதய நோய் குறைவு என்பதே எழுபது ஆண்டு ஆராய்ச்சியின் முடிவு. ஆனால் பழக்கமில்லாத உடலில் திடீரெனக் கடும் உழைப்பைச் சுமத்தும் வேளையில் இடர் சற்று மிகும் என்பதும் உண்மையே. ஆதலின் மெல்லத் தொடங்குதலே காப்பு.

நீரிழிவு, குருதி அழுத்தம், இதய நோய் உடையோரும், இளவயதில் இதய நோய் கண்ட குடும்பத்தினரும், நெடுநாள் புகைபிடித்தோரும் மருத்துவரைக் கண்டபின் தொடங்குக. இன்சுலின் இட்டுக்கொள்வோரும், சர்க்கரையை மிகவும் தாழ்த்தக்கூடிய மாத்திரை உண்போரும் பையில் இனிப்பு வைத்திருக்க வேண்டும். காய்ச்சல் நாளில் கூடம் வேண்டாம். பயிற்சியின்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடத்தோளுக்கோ பரவும் வலி, தலைச்சுற்றல், அளவு மீறிய மூச்சுத்திணறல் தோன்றினால் அக்கணமே நிறுத்துக. ‘வாயுப் பிடிப்பு’ என்று கூறி வீட்டுக்கு நடக்காமல் மருத்துவமனைக்கு விரைக. 108 என்னும் எண்ணை வீட்டார் அனைவரும் அறிந்திருக்கட்டும்.

வாசகர்களே, பிள்ளைகள் நம் அறிவுரையைக் கேட்பதைவிட நம் நடையைப் பார்ப்பதே மிகுதி. தந்தையும் தாயும் முறைவைத்து ஒருவருக்கொருவர் நேரம் கொடுப்பதைக் கண்டு வளரும் மகன், நாளை தன் மனைவிக்கு அதைக் கொடுக்கத் தயங்கமாட்டான். மகளும் தன் உடலைப் பேணுவதைத் தன்னலம் என்று எண்ணி மனம் கூசமாட்டாள். பாட்டியார் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழும் நாளில் வீடே கைதட்டட்டும். அவ்வலிமை யாவும் பிறர்க்கே பயன்படும்: நோயுற்றவரைத் தூக்க, பேரனை ஏந்த, முதுமையில் பிள்ளைகளுக்குச் சுமையாகாதிருக்க.

வாரத் தொடக்கம், திங்களின் முதல் நாள், பிறந்தநாள் போன்ற புதிய தொடக்கங்களில் மக்கள் கூடத்திற்குச் செல்வது மிகுகிறது என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. அவ்வியல்பை நமக்கு உதவியாகக் கொள்வோம். வரும் ஞாயிறு அன்று அந்தத் தாளை எடுங்கள். இருவர் பெயரையும் எழுதுங்கள். பரண்மேல் உள்ள காலணியை இறக்கித் தூசியைத் தட்டுங்கள். பாதிப் பளுவோடு தொடங்குங்கள். முழு மனத்தோடு தொடருங்கள்.